ஆனந்தவல்லியின் கொண்டை

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆனந்தவல்லி தலைக்குக் குளித்தாள் என்றால், மம்சாபுரத்துக் களத்தில் நெல் காயப்போட்டவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். மொட்டை மாடியில் நின்று அவள் கூந்தலை உதறுவது மேகம் கூடுவது போலத் தெரியுமாம். இதை நம்பாதவர்கள் உண்டு. அவர்கள் அந்தக் கூந்தலைக் கண்ணால் பார்க்காதவர்கள். அறுபத்திரண்டு வயதிலும் அது முழங்காலைத் தொட்டது. நரைத்தவை மொத்தம் பதினாறு முடி. அந்தப் பதினாறையும் அவள் பெயர் சொல்லித் திட்டுவாள். அள்ளிக் கொண்டை போட்டால், தலைக்குப் பின்னால் ஒரு முழுத் தேங்காயை ஒளித்து எடுத்துப் போகிறாளோ என்று கோயில் வாசலில் சந்தேகப்படுவார்கள். சத்துணவு மையத்தில் அமைப்பாளராக இருந்த காலத்தில் ஒரு பொங்கலுக்குத் தொலைந்த பேனா, அடுத்த பொங்கலுக்கு எண்ணெய் தேய்க்கும்போது அதற்குள்ளிருந்து கிடைத்தது. மூடியோடு, எழுதுகிற நிலையில்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவள் வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். கணவர் பாண்டிதுரை, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், அதைத்தான் சொன்னார். ஆனால் அவளுக்கு வேறொரு வேலை வந்து சேர்ந்தது. ஒரு குழந்தையிடம் ஒரு பெரியவன் நடந்துகொள்ளக் கூடாத விதமாக நடந்து, அது போலீஸ், கோர்ட் என்று போகும்போது, அந்தக் குடும்பத்தோடு கூடவே போய்வர ஒரு ஆளைக் குழந்தைகள் நலக் குழுவினர் நியமிப்பார்கள். சட்டத்தில் அதற்குத் துணை நபர் என்று பெயர். ஊரில் ‘துணைக்கு வர்ற அக்கா’.

துணைக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதலில் குழந்தையைப் பார்ப்பார்கள். ஆனந்தவல்லி குழந்தையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, நேரே அதன் அம்மாவிடம் போய் உட்காருவாள். என்ன நடந்தது என்று ஒருநாளும் கேட்க மாட்டாள். சாப்பிட்டியா, தூங்கினியா, அழுதியா என்று மட்டும் கேட்பாள். மூன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தால் டிபன் கேரியரைத் திறப்பாள். எலுமிச்சைச் சாதம், தேங்காய்த் துவையல். “பிள்ளையப் பாக்க டாக்டரு இருக்காக, போலீஸ்காரம்மா இருக்காக, வக்கீலு இருக்காக. ஒன்னையப் பாக்க யாரு இருக்கா? வாயத் தொற” என்பாள். கோர்ட் வராந்தாவில் வளர்ந்த பெண்களுக்கு ஊட்டிவிட்டுக்கொண்டிருக்கும் அவளைப் பார்த்துப் பியூன்கள் சிரித்ததுண்டு. பிறகு சிரிப்பதை விட்டார்கள்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. இருபது வருஷத்துக்கு முன், வத்திராயிருப்புப் பக்கம் அவள் வேலை பார்த்த மையத்தில் ஒரு சின்னப் பிள்ளைக்கு அப்படி நடந்தது. ஊரே அந்தப் பிள்ளைக்குப் பலகாரமும் பாவாடையும் வாங்கிக் கொடுத்தது. பிள்ளையின் அம்மா மாடத்தி, ஒருநாள் மையத்துத் தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்து வாசலில் நின்றாள். ஆனந்தவல்லி முட்டை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை விட்டுப்போகும் என்று நிமிரவில்லை. மாடத்தி அரை நிமிஷம் நின்றாள். தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த வாரம் வீடு பூட்டியிருந்தது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டாள் என்றார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அன்று மையத்தில் நூற்றுப் பன்னிரண்டு முட்டை. அந்த எண்ணிக்கை மட்டும் ஆனந்தவல்லிக்கு இன்றுவரை மறக்கவில்லை.

இனி வேல்பாண்டி வீட்டுக்கு வருவோம்.

வேல்பாண்டி பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்து திரும்பியவன். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் கேட்டில் செக்யூரிட்டி. மனைவி சந்தனமும் இன்னொரு மில்லில் காலை ஆறு மணி ஷிப்டு. ஐந்தரைக்கே வேன் ஏறிவிடுவாள். மம்சாபுரத்தில் வீடு. ஐந்தாம் வகுப்புப் படிக்கிற ஒரே மகள். அவள் பெயரைச் சொல்லக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம். கதைக்காக மகாலட்சுமி என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காரியம் செய்தவன் பக்கத்துத் தெருவில் கடை வைத்திருந்தவன், இந்த வீட்டு விசேஷங்களில் பந்தி விசாரித்தவன். அவனுக்கு இந்தக் கதையில் பெயர் கிடையாது. இருக்கிற பெயர்கள் நல்ல மனிதர்களுக்கே பற்றவில்லை.

சந்தனம் ஒருநாள் மில்லிலிருந்து வந்து, வேலைக்குச் சேலை மேல் போடும் ஓவர்கோட்டைக் கழற்றும்போது மகள் சொன்னாள். சந்தனம் ‘நெசமாவா?’ என்று கேட்கவில்லை. ‘நீ ஏன் அங்க போன?’ என்றும் கேட்கவில்லை. ஒரு கை ஓவர்கோட்டுக்குள்ளேயே இருக்க, மகளை இன்னொரு கையால் இழுத்து அணைத்துக்கொண்டாள். ஆயிரம் பேரில் பத்துப் பேர் செய்வது அது. ஆனால் கடைக்கு அனுப்பியது தான்தானே என்று அவள் அதன்பின் இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. ஆனந்தவல்லியின் எலுமிச்சைச் சாதம்தான் அவளுக்கு முதலில் இறங்கியது. மூன்றாவது கவளத்தில் அழுகை வந்தது. “அழு. சாப்பிட்டுக்கிட்டே அழு. ரெண்டும் ஒரே வாய்தான்” என்றாள் ஆனந்தவல்லி.

அப்போது வீட்டுக்குப் பின்னாலிருந்து சர்ர்ர், சர்ர்ர் என்று ஒரு சத்தம் கேட்டது. ஆனந்தவல்லி கையைக் கழுவிவிட்டுப் போய்ப் பார்த்தாள். வேல்பாண்டி அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தான். கண்ணுல பட்டா வெட்டு என்கிற மாதிரி முகம். அவன் தண்ணீர் தெளிக்கக் கையை எடுத்த நேரம் பார்த்து, அந்தத் தீட்டுகல்லின் மேலேயே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“எந்திரிங்கக்கா. அது அருவா தீட்டுற கல்லு.”

“தெரியுது தம்பி. எனக்கு முட்டுவலி. உக்காந்தா எந்திரிக்க ஒரு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் நீ சும்மா நில்லு.”

“நான் பட்டாளத்துக்காரன்க்கா. என்னைய நிப்பாட்ட முடியாது.”

“பட்டாளத்துல சும்மா நிக்கத்தானே முதல்ல சொல்லிக்குடுப்பாக?”

அவன் அரிவாளோடு நின்றான். அவள் கொண்டையைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னாள்: “அவனைக் கோர்ட்டு பாத்துக்கிட்டா அவன் உள்ள போவான். நீ பாத்துக்கிட்டா நீ உள்ள போவ. காலையில பிள்ளைக்கு யாரு சடை போடுவா? சந்தனம் அஞ்சரைக்கே வேன் ஏறிருதா. நானா வில்லிபுத்தூர்ல இருந்து வந்து போடுவேன்?”

அது அவனைத் தடுத்தது. ஏனென்றால் அந்தச் சடை அவனுடைய பெருமை. மகளுக்குத் தினமும் ரெட்டைச் சடை போட்டுவிடுவது அவன்தான். நடுவகிடு எல்லைக்கோடு மாதிரி நேராக இருக்கும். மடித்துக் கட்டிய இரண்டு ரிப்பன் பூவும் அணிவகுப்பில் நிற்கிற மாதிரி ஒரே உயரத்தில் நிற்கும். ‘ஒங்க வீட்டுக்காரரு எங்க கத்துக்கிட்டாரு?’ என்று மற்ற அம்மாக்கள் சந்தனத்திடம் ரகசியமாக விசாரித்ததுண்டு.

“அப்ப இந்தக் கோவத்த நான் எங்கக்கா கொண்டு போயி வைக்க?” என்றான்.

“ஒங்க குலசாமி கருப்பன்கிட்ட வையி. அவனுக்குத்தான் அது செமிக்கும். எதையாவது நேந்துக்கோ. மிச்சத்த அவன் பாத்துக்கிடுவான்.”

வேல்பாண்டி கிழக்கே பார்த்துக் கும்பிட்டான். ‘அவன் உள்ள போற வரைக்கும் என் மூஞ்சியில கத்தி படாது. போன அன்னைக்கு மொத்தத்தையும் ஒனக்கு எறக்குதேன்’ என்று நேர்ந்துகொண்டான். ஆனந்தவல்லி அரிவாளைத் தன் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். அது இன்றும் அவள் வீட்டில் தேங்காய் உடைக்கிறது. ஒரு கொலையைத் தாடியாக மாற்றிவிட்டோம் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். பாண்டிதுரையிடம் நாலு தடவை சொல்லிவிட்டாள்.

தாடி வளர்ந்தது. முதலில் முள், பிறகு புதர், பிறகு காடு. பதினாலாவது மாதம் அது நெஞ்சுக்கு வந்தபோது, மில்லுக்குப் புதிதாக வேலை கேட்டு வந்தவர்கள் கேட்டில் நின்றவனைச் சாமியார் என்று நினைத்துக் காலில் விழுந்தார்கள். ஒரு லாரி டிரைவர் மகள் ஜாதகத்தை நீட்டினார். வேல்பாண்டி நல்ல காலம் சொல்லிவிட்டுத்தான் லோடு இறக்க விட்டானாம்.

வழக்கு அதன் நடையில் நடந்தது. மகாலட்சுமி திரைக்குப் பின்னால் இருந்து, கேட்டதற்குப் பதில் சொல்லி முடித்துவிட்டாள். இனி அவள் வேலை ஒன்றும் இல்லை, மற்ற சாட்சிகள்தான். சந்தனம் தூங்கினாள், சாப்பிட்டாள், மில்லில் சண்டைகூடப் போட்டாள். ஆனந்தவல்லி தன் நோட்டில் இந்தக் குடும்பத்துக்கு நேரே ‘தேறிவிட்டார்கள்’ என்று எழுதினாள். எழுதி அடிக்கோடும் போட்டாள்.

அரையாண்டு விடுமுறையில் ஒரு வாய்தா வந்தது. வீட்டில் தனியே விட முடியாது என்று வேல்பாண்டி மகளையும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டி வந்திருந்தான். அவன் அரசு வக்கீலைப் பார்க்கப் போக, கோர்ட்டுக்கு வெளியே வேப்பமரத்தடிப் பெஞ்சில் ஆனந்தவல்லியும் மகாலட்சுமியும் உட்கார்ந்திருந்தார்கள். காற்றடித்துக் கொண்டை நழுவியது. அள்ளி முடிவதற்காக ஆனந்தவல்லி கூந்தலை முழுதாக அவிழ்த்துவிட்டாள். அது பெஞ்சைத் தாண்டித் தரையைத் தொட்டது. பிள்ளை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆச்சி, நீங்க எப்ப நேந்துக்கிட்டிய?”

“என்ன தாயி?”

“முடிதான். எங்கப்பாவுக்கு இம்புட்டுத்தான் வந்திருக்கு. ஒங்களுக்குத் தரைக்கே வந்துட்டு. ஒங்க வீட்டுப் பிள்ளை என்ன சொல்லுச்சு?”

ஆனந்தவல்லிக்குப் புரியவில்லை. “பிள்ளை என்ன சொல்லணும்?”

“அது ஏதாவது சொல்லியிருக்கும்லா? அதுனாலதான நீங்க வெட்டாம இருக்கிய.”

கூந்தலைப் பிடித்த கை அப்படியே நின்றது. அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது: பிள்ளையின் தலையில் ரெட்டைச் சடை இல்லை. ஒரு ரப்பர் பேண்டு. தானே வாரிக் கட்டியதில் வகிடு கோணிக்கொண்டு கிடந்தது. ஊரார் தலையெல்லாம் அளக்கிற கண்ணுக்கு இது இத்தனை நாளாகத் தெரியவில்லை.

“சடை என்னாச்சு தாயி?”

மகாலட்சுமி காலால் மண்ணைக் கிளறினாள். “அப்பா போடுறதில்ல. என்னைத் தொடவே மாட்டேங்காரு. நான் பக்கத்துல போயி உக்காந்தா எந்திரிச்சுப் போயிருதாரு. பஸ்ல, கடையில எல்லாரும் தாடி எதுக்குன்னு கேக்காக. ‘ஒரு நேர்த்தி’ம்பாரு. எதுக்கு நேர்த்தின்னு கேட்டா என்னையப் பாப்பாரு. ஒடனே அவியளும் என்னையப் பாப்பாக.” ரப்பர் பேண்டை உருவி மறுபடி போட்டாள். “நான் சொல்லாம இருந்திருந்தா அப்பா ஷேவ் எடுத்திருப்பாருல்ல ஆச்சி?”

ஒரு பிள்ளை வாயைத் திறந்து சொன்னதற்காக வருந்துகிறது என்றால், அடுத்த தடவை எதையும் சொல்லாது. தடுக்கி விழுந்தால்கூடச் சொல்லாது. ஆனந்தவல்லிக்கு அது தெரியும். சொல்லாமல் இருக்கப் பழகிய பிள்ளைகளை அவள் மையத்தில் பார்த்திருக்கிறாள்.

“இங்க பாரு. நீ சொன்னதுதான் நம்ம எல்லாரும் செஞ்சதுலயே கெட்டிக்காரத்தனமான காரியம். தாடி பெரியவிய செஞ்ச கிறுக்குத்தனம். ஒங்கப்பனுக்கு அந்தக் கிறுக்கச் சொல்லிக்குடுத்தது யாருன்னு நெனைக்க?”

“யாரு?”

“இந்தா, ஒம் பக்கத்துல உக்காந்திருக்காளே, இந்தக் கொண்டைக்காரி.”

பிள்ளை நம்பாமல் பார்த்தாள். ஆனந்தவல்லி கூந்தலை முடிந்தாள். அன்று கொண்டை சரியாக நிற்கவே இல்லை.

மறுநாள் அவள் ராஜபாளையத்துக்கு மில் கேட்டுக்கே போய்விட்டாள். வேல்பாண்டி அவளைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

“ஏலே தம்பி, பிள்ளைக்குச் சடை போட்டு எத்தன நாளாச்சு?”

அவன் லாரி நம்பர் எழுதுகிற நோட்டைப் புரட்டினான். புரட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. “ஆம்பளைக் கைக்கா” என்றான் கடைசியில். “ராத்திரி அதுபாட்டுக்குத் திடுக்குன்னு எந்திரிக்கும். என் கை பட்டாலும் பயந்துரும்னு நெனச்சேன். தள்ளி நிக்கதுதான் மரியாதைன்னு நெனச்சேன்.”

“நீ தள்ளி நிக்க. அது, அப்பாவுக்கு என்மேல அருவருப்பா இருக்குன்னு நெனைக்கு.”

வேல்பாண்டி ஸ்டூலில் தானே உட்கார்ந்துவிட்டான். தாடிக்குள் என்னென்னவோ நடந்தது. வெளியே ஒன்றும் தெரியவில்லை.

“நான் என்ன செய்யணும்?”

“கேளு. ‘சடை போடட்டுமா’ன்னு கேளு. வேண்டாம்னா விட்டுரு. சரின்னா போடு. அம்புட்டுத்தான். அதுக்கு முன்ன இந்தக் காட்ட அழி.”

“அதுமட்டும் முடியாதுக்கா. கருப்பன்கிட்டச் சொன்ன சொல்லு. மீறினா பிள்ளைக்கு ஏதாவது ஆயிரும்.”

அவனோடு வாதாடிப் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். கடவுள் இல்லை என்று சொல்லிப் பார்க்கலாம். அப்படிச் சொல்ல அவளுக்கே தைரியம் கிடையாது. “அப்ப கருப்பன்கிட்டயே போயிக் கேப்போம்” என்றாள்.

கருப்பன் மகாராஜபுரத்துக்கு அப்பால், மலையடிவாரத்துத் தென்னந்தோப்பு ஒன்றின் ஓரத்தில் மீசையோடு நிற்கிறார். பூசாரி சமுத்திரம் வாரத்தில் ஆறு நாள் தென்னை மரம் ஏறுகிறவர். செவ்வாய்க்கிழமை மட்டும் சாமிக்கு ஆள். பள்ளி திறந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, மகாலட்சுமியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மூவரும் போனார்கள். சந்தனம் மில்லுக்கு லீவு போட்டிருந்தாள். கையோடு வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்டு சலூன்காரரையும் ஆனந்தவல்லி கூட்டி வந்திருந்தாள். போர்க்களத்துக்கு வைத்தியரை முன்னாலேயே கூட்டிப்போகிற மாதிரி.

சமுத்திரம் எல்லாவற்றையும் கேட்டார். எதற்கு நேர்ந்தது என்று கேட்கவில்லை, நல்ல மனிதர். “கறந்த பால் மடி ஏறுமா தாயி?” என்றார். “வேணும்னா பூக்கட்டிப் பாப்போம். செவப்பு ஒரு பொட்டலம், வெள்ளை ஒரு பொட்டலம். வெள்ளை வந்தா சாமி விட்டுட்டாருன்னு அர்த்தம். ஆனா பச்சப்புள்ள கையால எடுக்கணும். ஒங்க பிள்ளையக் கூட்டியாந்திருந்தா இந்நேரம் சோலி முடிஞ்சிருக்கும். சாயங்காலம் கூட்டிட்டு வாங்க.”

வேல்பாண்டி தலையாட்டினான். அவனுக்கு அது நியாயமாகப் பட்டது. சந்தனம் ஆனந்தவல்லியைப் பார்த்தாள்.

“பிள்ளை கையில பொட்டலம் வேண்டாம் அண்ணாச்சி” என்றாள் ஆனந்தவல்லி. “செவப்பு வந்துட்டா? அதையும் நான்தான் எடுத்தேன்னு தூக்கிக்கிட்டு அலையும். வாயத் தொறந்து சொன்னதையே பதினாலு மாசமாச் சொமக்கு.”

“அப்ப என்னதான் செய்யச் சொல்லுதிய?”

அவள் வரும் வழியில் பஸ்ஸில் நாலைந்து நியாயங்களை யோசித்து வைத்திருந்தாள். எல்லாம் நல்ல நியாயங்கள். ஆனால் கருப்பன் முன்னால் நின்றபோது வாயிலிருந்து வந்தது அவற்றில் ஒன்றும் இல்லை.

“நேந்துக்கச் சொன்னது என் நாக்கு. அதனால எறக்க வேண்டியது என் தலை. அவன் தாடிய விட்டுட்டு என் முடிய எடுத்துக்கிடச் சொல்லுங்க.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. கை தானாகப் பின்னால் போய்க் கொண்டையைப் பிடித்துக்கொண்டது.

“அக்கா!” என்றாள் சந்தனம். “வேண்டாம்க்கா. ஊரே ஒங்க முடியப் பத்திப் பேசும்.”

“பேசட்டும். இத்தன நாளு இருக்குன்னு பேசுச்சு. இனி இல்லைன்னு பேசும்.”

சமுத்திரம் அந்தக் கொண்டையை, முற்றின தேங்காயைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். “இதையா? சம்மதிச்சுத்தான் சொல்லுதியளா?”

“நீரே அளந்து பாரும். ஒரு சாண் தாடிக்கு மூணு முழம். ஒங்க கருப்பனுக்கு இந்த மாதிரி வரும்படி இந்தத் தோப்புலேயே வந்திருக்காது.”

சமுத்திரம் கண்ணை மூடிச் சாமியிடம் கேட்டார். தென்னந்தோப்பில் காற்று நின்றது. எங்கிருந்தோ ‘ச்ச்ச்’ என்று பல்லி சொன்னது. “உத்தரவு வந்துட்டு!” என்றார் பூசாரி. அந்தத் தோப்போரத்தில் பல்லி ஒட்டிக்கொள்ள ஒரு சுவர்கூடக் கிடையாது. பல்லி சொன்னதா, சமுத்திரத்தின் நாக்குச் சொன்னதா என்று யாரும் விசாரிக்கவில்லை. கருப்பனும் மறுப்புச் சொல்லவில்லை.

சலூன்காரர் அந்தத் தலைக்கு ஏழு பிளேடு மாற்றினார். ஏழாவது பிளேடு பாதியிலேயே அவரைக் கும்பிட்டது. முதல் கற்றை மடியில் விழுந்தபோது ஆனந்தவல்லியின் கழுத்து லேசானது; நாற்பது வருஷமாகத் தூக்கிய தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தாற்போல. கண்ணில் தண்ணீர் வழிந்தது. சோப்பு எரிகிறது என்றாள். சலூன்காரர் இன்னும் சோப்பைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

அடுத்து வேல்பாண்டி உட்கார்ந்தான். காடு விலக விலக, உள்ளேயிருந்து ஒரு இளைத்த முகம் வந்தது. மூக்குக்கு மேலே மம்சாபுரத்து வெயில், கீழே காஷ்மீர்ப் பனி என்று முகம் இரண்டு நிறமாக இருந்தது. சந்தனம் தன் புருஷனைப் பெண் பார்க்க வந்த நாளில் பார்த்ததைப் போல ஓரக்கண்ணால் பார்த்தாள்.

“எங்களுக்காகவாக்கா?” என்றான் அவன், சந்தனக் குழம்பு பூசிய ஆனந்தவல்லியின் மொட்டைத் தலையைப் பார்க்க முடியாமல்.

“ஒங்களுக்கு இல்லலே. நான் செஞ்ச தப்புக்கு. ஒம் பங்குத் தப்ப நீ வீட்ல போயித் திருத்து. பிள்ளை சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ஸுல வரும்.”

மகாலட்சுமி பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவில் வரும்போது அவன் வாசலில் நின்றான். அணிவகுப்பில் நிற்கிற மாதிரி, கை இரண்டையும் தொடையோடு ஒட்டி. அவள் நாலடி தள்ளி நின்றுவிட்டாள். முகத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

“தாடி எங்கப்பா?”

“குடுத்தாச்சு.”

“அவன் ஜெயிலுக்குப் போயிட்டானா?”

“இல்ல. அது பெரியவிய வேலை. அது நடக்கும்போது நடக்கும். அதுக்கும் தாடிக்கும் சம்பந்தம் கெடையாது. ஒனக்கும் தாடிக்கும் சம்பந்தமே கெடையாது.” வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வாக்கியம். சரியாகச் சொல்லிவிட்டான். பிறகு ஒத்திகை பார்க்காததைக் கேட்டான்: “சடை போடட்டுமா? வேண்டாம்னா வேண்டாம்.”

அவள் பதில் சொல்லுமுன், உள்ளேயிருந்து ஆனந்தவல்லி தண்ணீர்ச் செம்போடு வெளியே வந்தாள். பிள்ளையின் கண் அவள் தலைக்குப் போனது. பளபளவென்று, மஞ்சளாக, வெயிலில் மின்னுகிற மொட்டை. மகாலட்சுமியின் வாய் திறந்தது. பிறகு அதிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. பதினாலு மாதமாக அந்த வீட்டில் கேட்காத சத்தம். அடுப்படியில் சந்தனம் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள்.

“என்னாச்சு ஆச்சி?”

“பேனு.”

“ஒங்களுக்கா?”

“ஒரு பேனு ரெண்டு பேனுன்னா பரவால்லியே. குடும்பத்தோட குடியிருந்துச்சு. ரேஷன் கார்டு வேற வாங்கி வச்சிருக்கு.”

“பொய்யி.”

“பொய்யின்னா நீயே வந்து தேடிப்பாரு, ஒரு பேனு இருந்தா காட்டு.”

பிள்ளை சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினாள். திரும்பி வரும்போது கையில் சீப்பும் இரண்டு பச்சை ரிப்பனும் இருந்தன. வாசற்படியில் அப்பாவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள். வேல்பாண்டி மேல்படியில் உட்கார்ந்தான். வகிடு ஒரு தடவை ராஜபாளையம் பக்கம் போனது, ஒரு தடவை வில்லிபுத்தூர் பக்கம் போனது.

“அப்பா, வலிக்கு.”

நெருப்பைத் தொட்டவன் போல அவன் கையை எடுத்துவிட்டான்.

“எடுக்கச் சொல்லல. மெதுவாப் போடுங்க.”

அவன் மெதுவாகப் போட்டான். அவ்வளவு மெதுவாகச் சடை பின்னுவதை ஆனந்தவல்லி பார்த்ததில்லை. அந்த நேரத்தில் ஒரு பாய் நெய்துவிடலாம். முடிந்தபோது ஒரு ரிப்பன் பூ காதுக்கு மேலேயும் இன்னொன்று காதுக்குக் கீழேயும் இருந்தது. மகாலட்சுமி கண்ணாடியில் பார்த்தாள். “நாளைக்குச் சரியாப் போட்டிருவிய” என்று அப்பாவுக்கு ஆறுதல் சொன்னாள்.

ஆனந்தவல்லி வீட்டுக்கு வந்து கதவைத் தட்டியபோது பாண்டிதுரை திறந்து, “யாரும்மா வேணும்? வீட்ல அவ இல்லையே” என்றார். ஆள் தெரிந்ததும் வழிவிட்டார். பிறகு உள்ளே போய், குளிருமே என்று தன்னுடைய மப்ளரை எடுத்துக் கொடுத்தார்.

ஊர் சும்மா இருக்குமா? பால் வாங்கும் இடத்தில், பஸ்ஸில், கோர்ட்டில் எல்லாரும் கேட்டார்கள். ஆனந்தவல்லி வேல்பாண்டி மாதிரி ஒரே பதிலைச் சொல்லி மாட்டிக்கொள்ளவில்லை. ஒருத்தியிடம், சென்னையிலிருந்து சினிமாக்காரர்கள் வந்து கதாநாயகிக்காக வாங்கிப் போய்விட்டார்கள் என்றாள். இன்னொருத்தியிடம், வெள்ளைக்காரன் நாட்டில் பாலம் கட்டக் கயிறு பற்றவில்லையாம் என்றாள். பூக்காரியிடம், ஆடு தின்றுவிட்டது என்றாள். பூக்காரி அதை நம்பி ஆட்டுக்காரனோடு சண்டைக்கே போனாள். நாற்பது பேர் கேட்டார்கள், நாற்பது பொய். அத்தனை பொய்க்கு அடியில் உண்மை எங்கே கிடக்கிறது என்று எவராலும் தோண்டி எடுக்க முடியவில்லை. அவளோடு சேர்த்து எந்தப் பிள்ளையையும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நோட்டில் ‘தேறிவிட்டார்கள்’ என்று எழுதியதை அவள் அடித்துவிட்டு, ‘தேறிக்கொண்டிருக்கிறார்கள்’ என்று திருத்தினாள். அதற்குக் கீழே ‘நானும்’ என்று சின்னதாக.

வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தா இல்லாவிட்டாலும் மாதம் ஒருமுறை மம்சாபுரத்துக்கு டிபன் கேரியர் போகிறது. சந்தனத்துக்கு ஒரு அடுக்கு, வேல்பாண்டிக்கு ஒரு அடுக்கு. போனதும் மகாலட்சுமி ரெட்டைச் சடையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து, ஆனந்தவல்லியைப் படியில் உட்காரவைத்து, மண்டையில் விரலை வைத்து அளந்து பார்ப்பாள். போன தடவை ஒரு விரற்கடை வந்திருந்தது.

“ஆச்சி, பேனு திரும்பி வந்துச்சா?”

“எங்க வர? குடியிருந்த வீட்ட இடிச்சுப் போட்டாகன்னு கோவிச்சுக்கிட்டு வத்திராயிருப்புக்குக் குடிபோயிட்டுங்க. கடுதாசி போட்டிருக்கு.”

“படிச்சுக் காட்டுங்க.”

“சாப்பிட்டுட்டுப் படிக்கேன். மொதல்ல ஒங்கம்மாவ வரச் சொல்லு. அவ சாப்பிட்டாளா?”